44-ஆம் பக்கத்தில் நின்றுபோன கதை

கேள்வி:

சார், எனக்கு 22 வயது. பதினைந்து வயதிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பிடித்த தொடர்களின் பாத்திரங்களை வைத்து முதலில் ரசிகர் கதைகள் எழுதினேன். வாரம் ஒரு அத்தியாயம் போடுவேன், நிறையப் பேர் காத்திருந்து படிப்பார்கள். மூன்று வருடமாகச் சொந்தக் கதைகள் மட்டும்தான். 14 சிறுகதைகளை முடித்திருக்கிறேன். இரண்டு குறுநாவல்கள் தொடங்கினேன், இரண்டும் பாதியில் கிடக்கின்றன. இரண்டாவதன் முதல் அத்தியாயத்தை மட்டும் 11 தடவை திருத்தி எழுதிவிட்டேன். 44-ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. சிறுகதையாக ஆரம்பிப்பது நீண்டுபோகிறது, குறுநாவலாக ஆரம்பிப்பது வற்றிவிடுகிறது. படித்துப் பார்த்த நண்பன், "எங்கேயோ படிச்ச மாதிரியே இருக்கு" என்றான். அது இன்னும் உறுத்துகிறது. என்னிடம் சொந்தமாக எதுவுமே இல்லையோ? எழுதியவரை இணைத்திருக்கிறேன். வெளியே அனுப்பினால் யாராவது கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

44 பக்கங்களையும் இரண்டு தடவை படித்தேன். முதலில் வேகமாக, அப்புறம் பென்சிலோடு. கடிதத்தை மட்டும் படிக்கிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலா என்ற பெண் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனவள். ஏழு வருடம் பேச்சே இல்லை. அப்பா இறந்தபிறகு வீட்டைக் காலிசெய்ய வருகிறாள். அண்ணனும் இருக்கிறார். மேசை இழுப்பறையில் ஒரு பழைய சாவி கிடைக்கிறது. அந்த வீட்டில் இருக்கும் எந்தப் பூட்டுக்கும் அது சேரவில்லை. எதற்கான சாவி என்று தேடத் தொடங்குகிறாள்.

உங்கள் நண்பன் சொன்னது சரிதான். இறந்தவர் வீடு, தூசி படிந்த மேசை, சேராத சாவி. இதை நானும் படித்திருக்கிறேன், நீங்களும் படித்திருக்கிறீர்கள், நமக்கு முன்னால் பிறந்தவர்களும் படித்திருப்பார்கள். ஆனால் அவர் முதல் முப்பது பக்கத்தை வைத்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்பது என் சந்தேகம். 31-ஆம் பக்கத்துக்கு அவர் வந்திருக்க மாட்டார்.

அந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

"அப்பாவின் பழைய தொலைபேசி டைரியைப் புரட்டினாள். இறந்துபோனவர்களின் பெயர்களைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தார். அவள் பெயரும் அடிக்கப்பட்டிருந்தது, தேதியோடு. அதற்குக் கீழே அவள் பெயரை மறுபடி எழுதியிருந்தார். அவளுடைய புது எண். தேதி இல்லை. டைரியை மூடிவைத்துவிட்டுச் சாவியைத் தேடப் போனாள்."

இதைப் படித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். உயிரோடு இருக்கிற மகளை இறந்தவர்கள் கணக்கில் சேர்த்து, சண்டை போட்ட நாளையே இறந்த நாளாக எழுதிய ஒரு மனிதர். பிறகு என்றைக்கோ ஒருநாள் அவளைத் திரும்ப எழுதியிருக்கிறார். அந்த நாளைக் குறித்துவைக்க அவருக்கு மனமில்லை, அல்லது வெட்கம். இதை நான் எங்கேயும் படித்ததில்லை. இது உங்களுடையது. நிலாவோ டைரியை மூடிவிட்டுச் சாவியைத் தேடப் போகிறாள்! நீங்களும் அவள் பின்னாலேயே போய்விட்டீர்கள்.

அதே வரியில் இன்னொன்றும் இருக்கிறது. வேண்டுமென்றே எழுதினீர்களா, கைபோக்கில் விழுந்ததா என்று தெரியவில்லை. "புது எண்." நிலா வீட்டைவிட்டுப் போனபிறகு எண்ணை மாற்றிக்கொண்டதாக 6-ஆம் பக்கத்தில் சொல்கிறீர்கள். அப்பாவுக்கு அவள் அதைத் தரவில்லை. அப்படியானால் யார் கொடுத்தது? அந்த வீட்டில் அடுத்த அறையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

44-ஆம் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்காருகிறார்கள். அங்கேதான் கதை நிற்கிறது. உட்கார வைத்துவிட்டீர்கள், என்ன பேச வைப்பது என்று தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் சரக்கு தீர்ந்துபோனது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் போட்டு வைத்திருந்த திட்டப்படி அண்ணன் சாவியைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் எழுதி உருவாக்கிவிட்ட அண்ணனுக்கோ சாவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் மனதில் இருப்பது அந்த எண். அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், நீங்கள் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக மற்றவர்களின் கைப்பிரதிகளைப் படிப்பது என் வேலை. அதில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று இது. ஒரு கதையின் தொடக்கத்தை எழுதுவது பெரும்பாலும் நாம் படித்தவைதான். மழை, கதவு, கடிதம், சாவி எல்லாம் ஏற்கெனவே கையில் தயாராக இருக்கும், அதனால் வேகமாகவும் போகும். ஒரு கட்டத்தில் அந்த இருப்பு தீரும். அதற்கு மேல் எழுத வேண்டியது நாம்தான். அங்கே எல்லோருக்கும் வேகம் குறையும், பலருக்கு நின்றே போகும். நின்றதும் முதல் பக்கத்துக்கு ஓடிப்போய் அதைத் திருத்த ஆரம்பிப்பார்கள். நீங்கள் 11 தடவை செய்தது அதைத்தான். நன்றாக ஓடிய இடத்தையே இன்னும் மெருகேற்றுவது சுகமாக இருக்கும். ஆனால் இரவல் வாங்கிய பகுதிதான் பளபளப்பாகிக்கொண்டே போகும்.

பிடித்த தொடர்களின் பாத்திரங்களை வைத்து எழுதியதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். தேவையில்லை. அந்தப் பழக்கம் உங்களுக்குக் கொடுத்தது நிறைய. வாராவாரம் எழுதி முடிக்கும் ஒழுங்கு அதிலிருந்து வந்தது. ஆளுக்கேற்ற பேச்சைப் பிடிக்கும் காதும் அதில் பழகியதுதான். ஆனால் அது இரண்டு விஷயங்களைக் கற்றுத்தராது. முதலாவது, ஒரு ஆளை இல்லாமையிலிருந்து எழுப்புவது. எல்லோருக்கும் தெரிந்த பாத்திரத்தின் பெயரை எழுதினாலே போதும், வாசகர் மீதியைத் தானே கொண்டுவந்துவிடுவார். முகம், குரல், பழைய காயங்கள் எல்லாம் பெயரோடு வந்துவிடும். நிலா என்று எழுதினால் ஒன்றும் வராது. உங்கள் முதல் மூன்று அத்தியாயங்களில் நிலா அழுகிறாள், பெருமூச்சு விடுகிறாள், நடுங்குகிறாள். அவள் யார் என்று எனக்குத் தெரியாததால் அந்தக் கண்ணீர் என்னைத் தொடவில்லை. 17-ஆம் பக்கத்தில் அப்பாவின் சட்டைகளை மடிக்கும்போது, அவர் மடிக்கிற மாதிரியே கைகளை உள்பக்கமாக மடித்து வைக்கிறாள், அது தனக்கே எரிச்சலாக இருக்க, பிரித்துவிட்டு வேறு மாதிரி மடிக்கிறாள். அங்கேதான் நிலா எனக்கு அறிமுகமானாள்.

இரண்டாவது, "தொடரும்" போடும் பழக்கம். ஒன்பது அத்தியாயங்களில் ஆறு, யாரோ கதவைத் தட்டுவதிலோ போன் அடிப்பதிலோ முடிகின்றன. (அண்ணன் ஒரே நாளில் நான்கு தடவை கதவைத் தட்டுகிறார். அந்த வீட்டுக் கதவுக்காக நான் கவலைப்பட்டேன்.) வாரத்துக்கு ஒரு அத்தியாயம் படிக்கிறவரை இழுத்துப் பிடிக்க அது தேவை. குறுநாவலை ஒரு மாலையில் படித்துவிடுவார்கள். அடுத்த பக்கம் கையிலேயே இருக்கும்போது எதற்குத் தூண்டில்?

சரி, சிறுகதையா குறுநாவலா என்ற கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கையில் சொல்ல வேண்டுமென்றால், ஆங்கிலத்தில் அறிவியல் புனைவு, அதிகற்பனைக் (ஃபேன்டஸி) கதைகளுக்குத் தரப்படும் நெபுலா, ஹ்யூகோ விருதுகள் 7,500 சொற்களுக்குக் கீழே இருப்பதைச் சிறுகதை என்றும், 17,500-இலிருந்து 40,000 வரை குறுநாவல் என்றும் வகுத்திருக்கின்றன. நடுவில் இருப்பதற்குத் தனிப்பெயர் உண்டு. இந்த எண்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. "போய்க்கொண்டிருந்தவனைப்பற்றி" என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொற்கள் வேண்டும். அதனால் தமிழில் அதே கதை குறைந்த சொற்களில் முடியும். போட்டிக்கு அனுப்பும்போது அவர்கள் கேட்கும் பக்க அளவைப் பாருங்கள். எழுதும்போது எண்ணாதீர்கள்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-இல் சக எழுத்தாளர் ஹாதோர்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில், ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாகவும் ஒற்றை விளைவை நோக்கியே ஒவ்வொரு சொல்லும் வேலை செய்வதாகவும் சிறுகதை இருக்க வேண்டும் என்றார். இன்றைக்கும் சிறுகதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். குறுநாவலுக்கு அப்படி யாரும் கறாராகச் சொல்லி வைக்கவில்லை. நான் எனக்காக வைத்திருக்கும் அளவுகோல் வேறு: ஒரு மாற்றம் நடக்கிற கணம் போதுமென்றால் சிறுகதை, மாற்றம் நடந்தபிறகு அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் குறுநாவல். காஃப்காவின் 'உருமாற்றம்' (1915) முதல் வாக்கியத்திலேயே மனிதனைப் பூச்சியாக்கிவிடுகிறது. அதற்கப்புறம் பெரிதாக ஒரு சம்பவமும் தேவைப்படவில்லை. அந்தக் குடும்பம் அதை எப்படிச் சமாளிக்கிறது என்பதே மூன்று பகுதிகளுக்குப் போதுமானதாக இருக்கிறது. தல்ஸ்தோயின் 'இவான் இலியீச்சின் மரணம்' (1886) இறந்த செய்தியிலேயே ஆரம்பிக்கிறது. பிறகு பின்னால் போய், அந்த ஆள் இறந்துகொண்டிருப்பதைப் பன்னிரண்டு அத்தியாயங்களில் சொல்லி முடிக்கிறது. இந்த இரண்டிலும் என்ன நடக்கப்போகிறது என்ற கேள்வி ஆரம்பத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் நாம் கீழே வைக்க மாட்டோம்.

உங்களுடையதை இதில் வைத்துப் பாருங்கள். நிலா டைரியைப் பார்க்கிறாள், தன் எண்ணைப் பார்க்கிறாள், அடுத்த அறையிலிருந்து டேப் கிழிக்கும் சத்தம் கேட்கிறது. அங்கேயே நிறுத்தினால் எட்டுப் பக்கத்தில் நல்ல சிறுகதை. அதில் சாவி வேண்டாம், சண்டையின் காரணம்கூட வேண்டாம். அந்த ஏழு வருடமும் அண்ணன் இரண்டு பக்கமும் சேதி கொண்டுபோன மனிதர் என்று வைத்தால் குறுநாவல். இங்கே தங்கையைப் பற்றி என்ன சொன்னார், அங்கே அப்பாவைப் பற்றி எதை மறைத்தார்? எண்ணைக் கொடுத்தவர், கூப்பிடச் சொல்லி வற்புறுத்தினாரா? எண் இருந்தும் அப்பா ஏன் கூப்பிடவில்லை? அல்லது கூப்பிட்டு, எதிர்முனையில் குரல் கேட்டதும் வைத்துவிட்டாரா? நிலாவுக்கு அப்படி ஊமை அழைப்புகள் வந்திருக்கலாம், அவள் வேறு யாரையோ சந்தேகப்பட்டிருக்கலாம். பாருங்கள், எனக்கே கை அரிக்கிறது.

இரண்டையும் எழுதலாம். முதலில் சிறுகதையை எழுதிவிடுங்கள் என்பேன். எட்டுப் பக்கத்தில் அது நின்றால், குறுநாவலுக்கு நடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இதைத் தலைகீழாகச் செய்து நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இருபத்துமூன்று வயதில் என்னிடம் பதினோரு பக்கச் சிறுகதை ஒன்று இருந்தது. ஒரு பத்திரிகை குறுநாவல் போட்டி அறிவித்தது, அறுபது பக்கம் வேண்டும் என்றார்கள். பதினோரு பக்கத்தை அறுபதாக்கினேன். எப்படி என்றால், எல்லோரையும் நடக்க வைத்தேன், வானத்தைப் பார்க்க வைத்தேன், கனவு காண வைத்தேன். கதை திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டில் யாரோ எழுதியிருந்தார்கள்: "மழை மூன்று தடவை பெய்கிறது. ஒரு தடவை போதுமே." ஒரு வாரம் கோபமாக இருந்தேன். எட்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் உண்மையில் நான்கு தடவை பெய்திருந்தது.

யார் சொல்கிற கதை என்பதையும் முடிவுசெய்யாமலே எழுதிக்கொண்டு போயிருக்கிறீர்கள். இது குறுநாவலில் சிறுகதையைவிடப் பெரிதாக அடிக்கும். நம் அகப்பாடல்களைப் படித்திருப்பீர்கள். அங்கே கவிஞர் தன் குரலில் பேசுவதே இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று குறிப்பு இருக்கும். மகள் ஒருவனோடு போய்விட்டாள், நடந்தது அவ்வளவுதான். தலைவி சொன்னால் அது ஒரு பாட்டு, பின்னால் தேடிப்போகும் செவிலித்தாய் சொன்னால் அது முற்றிலும் வேறு பாட்டு. உங்கள் கதையில் பாதிக்கு மேல் நிலாவின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறீர்கள், அங்கங்கே திடீரென்று அண்ணன் மனதுக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். 22-ஆம் பக்கத்தில் "அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவர் தவித்தார்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் உங்கள் மொத்த ரகசியமும் கசிந்துவிட்டது. நிலாவுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியக்கூடாது என்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். வாசகருக்குத் தெரிந்து நிலாவுக்கு மட்டும் தெரியாமல் இருப்பதுதான் சுவை என்றால், அண்ணன் தன் வாயால் சொல்கிற மாதிரி முழுக்க மாற்ற வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் எழுதப்போவது நீங்கள். 44-ஆம் பக்கத்தின் காட்சியை அண்ணன் "நான்" என்று சொல்வதாக ஒரே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கதையில் சேர்ப்பதற்காக வேண்டாம், அவர் வாயைத் திறக்கிறாரா என்று பார்க்க.

பேச்சைப் பற்றி. அண்ணன் நிலாவைப் பார்த்ததும் சொல்லும் முதல் வாக்கியம்: "நீ இத்தனை ஆண்டுகள் எங்கே சென்றிருந்தாய்? உன்னை நினைத்து நாங்கள் எவ்வளவு வருந்தினோம் தெரியுமா?"

எந்த அண்ணனும் இப்படிப் பேச மாட்டார். "இத்தன வருஷம் எங்க போயிருந்த?" என்று பேச்சுத்தமிழில் மாற்றுவது சுலபம். மாற்றினாலும் தீராது. ஏழு வருடம் கழித்து வாசலில் நிற்கும் தங்கையிடம் மனதில் இருப்பதை யாரும் நேராகக் கொட்டுவதில்லை, வேறு எதையாவது பற்றித்தான் பேசுவார்கள். இப்படி யோசித்துப் பாருங்கள். நிலா வாசல் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் பின்னால் வந்து நிற்கிறார்.

"கொஞ்சம் தூக்கிப் புடிச்சுத் திருப்பணும்."

"முன்னாடி அப்படி இல்லையே."

"மாத்தி மூணு வருஷம் ஆச்சு."

அவ்வளவுதான். யார் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, யார் வரவில்லை என்பதெல்லாம் அந்தப் பூட்டிலேயே வந்துவிட்டது. இழுப்பறைச் சாவியைத் தூக்கிப் போடலாம் என்று நினைக்கிறேன். வாசல் சாவி இருக்கட்டும்.

இனி வாக்கியங்கள். உங்கள் முதல் பத்தி:

"நிலா கதவைத் திறந்தாள். உள்ளே இருள் சூழ்ந்திருந்தது. மெல்ல நடந்து மேசையருகே சென்றாள். இழுப்பறையை இழுத்தாள். ஒரு பழைய சாவியைக் கண்டாள். நடுங்கும் கைகளால் அதை எடுத்தாள். இது எதைத் திறக்கும் என்று யோசித்தாள்."

சத்தமாகப் படித்துப் பாருங்கள். தாள், தாள், தாள் என்று சுத்தியல் அடிப்பதுபோலக் கேட்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காருவதால் வரும் தொல்லை இது. நம் மொழியில் கதை எழுதுகிற எல்லோரும் என்றைக்காவது இதில் மாட்டுவார்கள். மருந்து பல இருக்கின்றன. வினையெச்சத்தால் இரண்டு மூன்று செயல்களைக் கோத்துவிடலாம். வினையே இல்லாமல் பெயரில் முடிக்கலாம்: "உள்ளே இருட்டு." "அவளுடைய புது எண்" என்று 31-ஆம் பக்கத்தில் நீங்களே அப்படி முடித்திருக்கிறீர்கள். சிலதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். சாவியை எடுத்தாள் என்றால் இழுப்பறையை இழுத்தது தானாகத் தெரியும். ஆனால் எல்லா வாக்கியத்தையும் மாற்றியாக வேண்டும் என்று இறங்கிவிடாதீர்கள். மூன்று "தாள்" அடுத்தடுத்து வந்தால் மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

திருத்துகிற பருவத்தில் எனக்குத் துணை தொல்காப்பிய மரபியல். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அது அடுக்குகிறது. அதில் "கூறியது கூறல்", "மிகைபடக் கூறல்" இரண்டையும் பல வருடங்களாக மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். சொன்னது இலக்கண நூல்களைப் பற்றித்தான், கதைக்கும் அப்படியே பொருந்துகிறது. "நடுங்கும் கைகளால்" மிகைபடக் கூறல். பயந்தாள் என்று நான்கு பக்கத்தில் ஐந்து தடவை வருவது கூறியது கூறல். "குன்றக் கூறல்" என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு, தேவையானதைக் குறைத்துச் சொல்வது. டைரிக்கு ஆறே வரி கொடுத்தீர்களே, அது.

எழுதும் முறைக்கு ஒரே ஒரு யோசனைதான் சொல்வேன். முதல் அத்தியாயம் இருக்கும் கோப்பைக் கொஞ்ச நாளைக்குத் திறக்காதீர்கள். புதுக் கோப்பு ஒன்றில் 44-ஆம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முன்னால் என்ன எழுதியிருந்தாலும் சரி, சாவி இல்லை, டைரி இருக்கிறது, அண்ணன் எண்ணைக் கொடுத்தவர் என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள். முன்பகுதியோடு ஒட்டாது, ஒட்டாமல் கிடக்கட்டும். கடைசிவரை போய்ச் சேர்ந்தபிறகு முதல் முப்பது பக்கத்தை எப்படி எழுத வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அநேகமாகப் பன்னிரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். முடித்ததும் ஒரு மாதம் தொடாமல் வைத்திருங்கள். நம் கை எழுதிய வரியையே வேறு யாரோ எழுதியதுபோலப் பார்க்க எனக்கு அவ்வளவு நாள் தேவைப்படுகிறது. உங்களுக்குச் சீக்கிரம் வாய்க்கலாம்.

மூன்று வருடத்தில் 14 சிறுகதைகள் குறைவா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். புதுமைப்பித்தன் 1948-இல் இறந்தபோது அவருக்கு வயது 42, நூறு கதைகளுக்கு அருகில் எழுதியிருந்தார். மௌனி எண்பது வயதுக்குக் கிட்டத்தட்ட வாழ்ந்து இரண்டு டஜன் கதைகளோடு நிறுத்திக்கொண்டார். இதில் எந்தக் கணக்கை வைத்து உங்களுக்குப் பதில் சொல்வது?

நண்பர்களிடம் படிக்கக் கொடுத்தால் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "சூப்பர்" என்பார்கள், அல்லது உங்கள் நண்பனைப்போல ஒரு வரியில் குத்துவார்கள். "எந்தப் பக்கத்துல போனை எடுத்த?" என்று கேளுங்கள். அதற்கு உண்மையான பதில் கிடைக்கும். மூன்று பேர் ஒரே பக்கத்தைச் சொன்னால் அங்கே கோளாறு இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் யோசனைகளை மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துவிடலாம்.

திருட்டு பயம் பற்றி. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், எழுதிய மறுகணமே பதிப்புரிமை உங்களுடையது. பதிவுசெய்தால்தான் உரிமை என்பதில்லை. ஆனால் அந்த உரிமை நீங்கள் எழுதிய எழுத்துக்குத்தான், கருவுக்குக் கிடையாது. "மகளின் பெயரை அடித்துவைத்த அப்பா" என்ற கருவை வைத்து நாளை வேறொருவர் எழுதினால் தடுக்க முடியாது. எழுதட்டும், அவர் எழுதும் அண்ணன் வேறு ஆளாக இருப்பார். தேதியிட்ட வரைவுகளையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள், போதும். இதைவிட நீங்கள் பயப்பட வேண்டியது போட்டி விதிமுறைகளின் கடைசிப் பத்திக்கு. அனுப்பும் எல்லாக் கதைகளின் முழு உரிமையும், பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நடத்துபவர்களுக்கே என்று சில இடங்களில் இருக்கும். அங்கே அனுப்ப வேண்டாம். இன்னொன்று, இணையத்தில் போட்டுவிட்ட கதையைப் பல இதழ்களும் போட்டிகளும் வெளிவந்த கதையாகவே எடுத்துக்கொள்ளும். வாரம் ஒன்று போட்ட பழக்கத்தில் இதையும் போட்டுவிடாதீர்கள்.

இந்தப் பதிலுக்காக உங்கள் கதையை இவ்வளவு விரித்துச் சொல்ல அனுமதி கேட்டதும் உடனே சம்மதித்தீர்கள், நன்றி. டைரிக்கு அப்புறம் வரும் பகுதியை எழுதியதும் அனுப்புங்கள், முதல் முப்பது பக்கம் இல்லாமல்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 12-ஆம் பக்கத்தில் நிலாவுக்கு அண்ணனாக இருப்பவர் 40-ஆம் பக்கத்தில் "அக்கா" என்று கூப்பிடுகிறார். நான் அண்ணன் என்றே வைத்துப் பேசிவிட்டேன். தம்பி என்றால் அப்பாவுக்கும் அவளுக்கும் சண்டை வந்தபோது அவனுக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கதை இன்னொரு தடவை மாறும்.